கொசு விரட்டும் என்று வாங்கிய ஜெரேனியம்

தங்கச்சி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மலேசியாவின் தாப்பா ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'கொசு விரட்டும் செடி' என்று 15 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு தொட்டி வாங்கியிருக்கிறார், இலையைக் கசக்கினால் ரோஜாவும் எலுமிச்சையும் கலந்த மாதிரி மணக்கிறதாம். இதற்கிடையில் அம்மாவோடு தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் ஜெரேனியம் எண்ணெய் என்று 5 மில்லி பாட்டிலை 120 வெள்ளிக்குக் கொண்டுவந்து, ஹார்மோன் சரியாகும், சர்க்கரை இறங்கும், டிங்கி அண்டாது என்கிறாராம். செடியும் எண்ணெயும் ஒன்றுதானா, வீட்டுச் செடியிலிருந்தே எண்ணெய் எடுக்கலாமா, எட்டு மாதக் குழந்தைக்குத் தடவலாமா, சர்க்கரை உள்ள அம்மாவின் காலுக்குத் தேய்க்கலாமா என்பதுதான் கேள்வி. நான் இங்கே சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன், வாசனை எண்ணெய்களோடும் ரொம்ப நாள் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பணம் போவது எண்ணெயில் என்றாலும் உயிருக்கு ஆபத்து வருவது இதில்தான். அந்தச் செடி கொசுவை விரட்டாது. தொட்டியில் சும்மா நிற்கிற செடி காற்றில் பெரிதாக எதையும் விடுவதில்லை, தொட்டால், கசக்கினால்தான் மணக்கும். 1990-களில் இதே ரகத்தை 'சிட்ரோசா' என்ற பெயரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய விளம்பரத்தோடு விற்றார்கள், சிட்ரோனெல்லா புல்லின் குணத்தை இதற்குள் ஏற்றிவிட்டோம் என்று ஒரு கதையும் சேர்த்து. 1996-ல் வெளியான ஆய்வு ஒன்றில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள், செடி பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடி ஒன்றுதான். சிட்ரோனெல்லா புல்லுக்கு அந்த வாசனையைத் தருகிற சிட்ரோனெல்லால் என்ற பொருள் இந்தச் செடியில் பேருக்குத்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வாசலில் இந்தத் தொட்டியை வைத்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீர் ஏடிஸ் முட்டையிட ரொம்பப் பிடித்த இடம், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். சுகாதார இலாகா ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்து 500 வெள்ளி சம்மன் எழுதினால் கொசுச் செடி வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மணலால் நிரப்பிவிடுங்கள். கொசுவுக்கு டீட் அல்லது பிகாரிடின் என்ற விரட்டும் பொருள் உள்ள, தோலில் பூசும் மருந்து, குழந்தைக்கு வலை, அவ்வளவுதான். ஜெரேனியம் எண்ணெயைத் தோலில் பூசினால் கொஞ்ச நேரம் கொசு தயங்கும் என்பது உண்மை, ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிப் போகிற பொருள், டிங்கிக்குக் காவலாக அதை நம்ப முடியாது.

சரி, செடிக்கு வருவோம். நம் ஊர் மலாய்க்காரர்கள் இதை ஜெரமின் என்பார்கள், நர்சரியில் ஜெரேனியம் என்று கேட்டாலும் கிடைக்கும். தாவரவியல் கணக்கில் இது பெலர்கோனியம் என்ற இனம், சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. 1753-ல் லின்னேயஸ் இதை ஐரோப்பாவின் ஜெரேனியத்தோடு ஒரே கூட்டில் போட்டார், 1789-ல் லெரித்தியே என்ற பிரெஞ்சுக்காரர் தனியாகப் பிரித்தார். எண்ணெய் வாங்கும்போது இந்த விவரம் உதவும், கீழே சொல்கிறேன். இந்த இனத்தில் வாசனை இலை உள்ளவை மட்டும் எத்தனையோ உண்டு: ரோஜா, எலுமிச்சை, புதினா, ஆப்பிள், ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றும் ஒரு மணம். கேமரன் மலை வீட்டு ஜன்னல்களில் சிவப்பும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குகிற ஜெரேனியமும் இதே இனம்தான், ஆனால் அதைப் பூவுக்காக வளர்க்கிறார்கள், எண்ணெய் எடுப்பதில்லை. எண்ணெய்க்கு வளர்ப்பது ரோஜா வாசனை ரகம், அதுவும் பெரும்பாலும் கலப்பினம். கடையில் கிராவியோலென்ஸ் என்று எழுதி விற்பதில் பாதிக்கு மேல் கபிட்டாடம், ராடென்ஸ் என்ற இரண்டு சிற்றினங்களுக்குப் பிறந்த பிள்ளை.

இது எண்ணெய்ப் பயிராக ஊர் சுற்றிய கதை எனக்குப் பிடிக்கும். பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளிகள் 19-ஆம் நூற்றாண்டில் இதை வடித்தார்கள், பிறகு அல்ஜீரியா, அதற்குப் பிறகு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவு. 'போர்போன் ஜெரேனியம்' என்று இன்றும் விலை கூட்டி விற்பது அந்தத் தீவின் பழைய பெயரை வைத்துத்தான். நம் தாத்தா பாட்டி பால் மரம் (ரப்பர்) வெட்ட இங்கே கப்பலேறிய மாதிரி, அந்தத் தீவுக்கும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள், 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு ரொம்ப அதிகமாக. அவர்கள் போனது கீழ்நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு, ஜெரேனியம் வளர்ந்தது மேலே குளிர் மலையில். இன்றைக்கு எகிப்தும் சீனாவும்தான் பெரிய உற்பத்தி நாடுகள். தமிழ்நாட்டில் கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரிப் பக்கம் வளர்க்கிறார்கள்.

மேலே சொன்ன எல்லா இடத்தையும் பாருங்கள், பெரும்பாலும் குளிர்ந்த மலை, இல்லையென்றால் வறண்ட காற்று. தாப்பாவில் இரண்டும் இல்லை. கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே இந்தச் செடி தானாகவே புதர் கட்டிவிடும். அதே கிளையை இங்கே கீழே கொண்டுவந்து நட்டால் முதல் இரண்டு மாதம் நன்றாக வரும், அப்புறம் தண்டு நீண்டு, அடி இலை மஞ்சளாகி, மழை பிடித்ததும் மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். அந்தக் கறுப்பு பித்தியம் என்ற ஈரப் பூஞ்சையால் வருவது, வந்துவிட்டால் செடியைக் காப்பாற்ற முடியாது, மேலே நல்லாயிருக்கும் நுனியை வெட்டி வேறு தொட்டியில் போடுவதுதான் வழி. அதனால் இங்கே வளர்ப்பவர்கள் ஒரே செடியை வருஷக்கணக்கில் வைத்திருக்க நினைக்காமல், செடி நன்றாக இருக்கும்போதே கிளை ஒடித்து அடுத்ததைத் தயார் பண்ணிக்கொள்வது நல்லது.

கிளை எடுப்பது சுலபம். நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கணுவுக்குக் கீழே, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டின வாய் காயும்வரை சில மணி நேரம் நிழலில் போட்டு வையுங்கள். பலர் பறித்த உடனே ஈர மண்ணில் குத்திவிடுகிறார்கள், அழுகலில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆற்று மணலும் கருக்கிய உமியும் கலந்ததில் நட்டு லேசாக ஈரம் காட்டினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிறகு தொட்டியில் மண், மணல், கருக்கிய உமி. காலை வெயில் படணும், மத்தியானம் மூணு மணிக்குக் கொட்டுகிற மழை படக்கூடாது, கூரை விளிம்புக்கு உள்பக்கம் வைத்தால் சரியாக இருக்கும். மேல் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், மணம் குறையும்.

இப்போது எண்ணெய். ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்து, வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் அதில் பாருங்கள். வெல்வெட் மாதிரி இருப்பதெல்லாம் முடி. சில முடிகளின் தலையில் மட்டும் பளபளப்பாக ஒரு குமிழ் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் அந்தக் குமிழுக்குள்தான், விரல் பட்டதும் உடைகிறது. பூவில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், எடுப்பது இலையிலும் இளந்தண்டிலும். அறுவடைக்கு நேரம் பார்க்கிற விதமும் மூக்கால்தான்: இளம் இலையில் எலுமிச்சை வாடை தூக்கலாக இருக்கும், முதிர்ந்து கீழ் இலை லேசாக மஞ்சளாகும்போது அது ரோஜா மணத்துக்குத் திரும்பும், அந்தச் சமயம் வெட்டிக் கொப்பரையில் போட்டு நீராவி விட்டு வடிப்பார்கள். பச்சை இலையில் எண்ணெய் 0.1 முதல் 0.2 சதவீதம் அளவில்தான் தேறும். அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு 500 முதல் 1,000 கிலோ இலை.

உங்கள் தொட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செடியை மொட்டையடித்தாலும் கால் கிலோ இலை வராது, வந்தாலும் கால் மில்லி, சில சொட்டு. பிரஷர் குக்கரில் குழாய் மாட்டி வடிக்கும் வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, குக்கர் வால்வோடு விளையாட வேண்டாம், அதில் கிடைப்பது பெரும்பாலும் வாசனைத் தண்ணீர்தான். வீட்டில் செய்ய வேண்டுமென்றால் இலையை நன்றாக வாட்டி, ஈரம் இல்லாமல், தேங்காய் எண்ணெயில் போட்டு இரண்டு வாரம் வைத்து வடிகட்டுங்கள். தலைக்கும் கைகாலுக்கும் தடவ அருமையாக இருக்கும். ஆனால் அது இலை ஊறிய தேங்காய் எண்ணெய், கடையில் விற்கிற ஜெரேனியம் எண்ணெயின் செறிவு அதில் கிடையாது, அதனால் சொட்டுக் கணக்குச் சொல்லும் எந்தக் குறிப்பும் இதற்குப் பொருந்தாது.

அந்த 120 வெள்ளி பாட்டில்? 5 மில்லி ஜெரேனியத்துக்கு அது அதிக விலை என்பது என் கணிப்பு. அசல் ரோஜா எண்ணெய் என்றால் அந்த விலையோ அதற்கு மேலோ கேட்பதில் நியாயம் உண்டு, அதற்குக் கிலோவுக்கு நாலாயிரம் கிலோ பூ வரை போகும். ஜெரேனியத்தில் இருக்கும் சிட்ரோனெல்லோல் (மேலே சொன்ன சிட்ரோனெல்லால் வேறு), ஜெரானியோல் என்ற இரண்டு வாசனைப் பொருட்களும் ரோஜாவிலும் இருப்பதால் ரோஜா எண்ணெயில் கலப்படம் பண்ண இதைத்தான் ரொம்ப காலமாக ஊற்றி வருகிறார்கள், ஜெரேனியத்தில் கலப்படம் பண்ண இன்னும் மலிவான செயற்கை வாசனையை ஊற்றுகிறார்கள். வாங்குவதாக இருந்தால் பாட்டில் கருநிறக் கண்ணாடியா, லேபிளில் பெலர்கோனியம் என்ற தாவரப் பெயர் இருக்கிறதா, எந்த நாடு, எந்த பேட்ச் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஜெரேனியம் என்று மட்டும் போட்டு பூப்படம் ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள், எண்ணெய்க் கறை திட்டாக நின்றால் சமையல் எண்ணெயோ வேறு கனமான எண்ணெயோ கலந்திருக்கிறது. மணத்திலும் தெரியும்: அசலில் ரோஜாவுக்கு முன்னாலேயே புதினா கலந்த ஒரு பச்சை வாடை மூக்கில் ஏறும், அது ஐசோமெந்தோன் என்ற பொருளால். முதல் மூச்சிலேயே மிட்டாய் ரோஜாவாக இனித்தால் நான் வாங்கமாட்டேன். இந்தச் சோதனைகள் மோசமான சரக்கை ஒதுக்கத்தான் உதவும், கெட்டிக்காரக் கலப்படத்தை ஆய்வுக்கூடத்து இயந்திரம்தான் பிடிக்கும்.

வாசனை எண்ணெய்ச் சிகிச்சைக்கு அரோமாதெரபி என்ற சொல்லைப் பரப்பியவர் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1937-ல். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஜெரேனியத்துக்குப் 'பெண்களின் எண்ணெய்', 'சமநிலை எண்ணெய்' என்று பட்டம் கட்டினார்கள், உங்கள் விற்பனையாளர் சொல்லும் ஹார்மோன் கதையின் வேர் அதுதான். ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பதற்றத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஈரானில் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் செய்து 2015-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் ஜெரேனியம் வாசனையை முகர்ந்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. அக்கி வந்துபோன பிறகு தோலில் நிற்கும் நரம்பு வலிக்கு இந்த எண்ணெயைப் பூசிப் பார்த்த ஒரு சோதனை 2003-ல் வந்தது, வலி தற்காலிகமாகத் தணிந்தது, மாறிவிடவில்லை. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்கிறது என்பதும் உண்மை, ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்கிற பொருட்கள் ஏராளம், உடம்புக்குள் அது நடக்கும் என்று பொருளில்லை. சர்க்கரையை இறக்கும், மாதவிலக்கைச் சீராக்கும் என்பதற்கெல்லாம் நம்பி மருந்தை நிறுத்துகிற அளவுக்கு மனிதர்களிடம் எந்த நிரூபணமும் இல்லை.

இதைச் சொன்னால் வாசனையில் ஒன்றுமே இல்லை என்கிறேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூக்கம் வராமல் புரளுகிறவருக்கு, பரீட்சைக்கு முன்னால் வயிறு கலங்குகிற பிள்ளைக்கு, ஒரு நல்ல மணமும் பத்து நிமிஷ மூச்சும் கண்டிப்பாக உதவும். நானே கணக்கு எழுதும் நாளில் டிஃப்யூசரை, அதாவது வாசனையைக் காற்றில் பரப்பும் கருவியை, போட்டுக்கொள்வேன். அதற்கு 3 முதல் 5 சொட்டு போதும், அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். டிஃப்யூசர் இல்லையென்றால் கைக்குட்டையில் ஒரு சொட்டு.

தோலுக்கு என்றால் நேராகப் போடவே கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு விட்டால் அது சுமார் 1 சதவீதம், முகத்துக்கும் மென்மையான தோலுக்கும் அது போதும். முதுகு, கால் பிடித்துவிட 12 சொட்டு வரை போகலாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், ஏனென்றால் ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும், பழசாகிக் காற்றுப் பட்ட எண்ணெயில் இது கூடும். நம் வெயிலில் காருக்குள் பாட்டிலை வைப்பது எண்ணெயைக் கெடுக்கிற வேலை, மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடாரித் தைலம் தேய்க்கிற பழக்கத்தில் இதையும் உள்ளங்கையில் ஊற்றி அப்படியே தேய்க்கிறவர்கள் நம்மிடம் நிறைய, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டாம். தடவவும் வேண்டாம், குழந்தை தூங்கும் அறையில் டிஃப்யூசரும் வேண்டாம். குளிப்பாட்டும் தண்ணீரில் ஒரு சொட்டு விடலாமே என்பார்கள், எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து செறிவு குறையாமல் தோலில் ஒட்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான். குடிக்கச் சொல்கிற ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள், பூனைக்கும் நாய்க்கும் இந்தச் செடி ஆகாது, எண்ணெய் அதைவிட மோசம்.

நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி மலேசியாவில் விற்கிற எந்தப் பொருளுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவு வேண்டும், பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராமும் இருக்கும். 'சர்க்கரை இறங்கும்' என்று சொல்கிறவரிடம் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தவர் என்பதால் சங்கடமாக இருக்கும், அவரும் யாரோ மேலே இருப்பவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பிக்கிறார், அதனால் வார்த்தையில் மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ஜிம்முக்குப் போகும் தம்பி இருந்தால் அவனுக்கும் ஒரு வார்த்தை: ஜெரேனியச் சாறு என்று லேபிளில் எழுதி டிஎம்ஏஏ என்ற தூண்டு மருந்தைச் சத்து மாவில் போட்டு விற்றார்கள், இருதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-ல் அந்தக் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதற்கும் இந்தச் செடிக்கும் பெயரைத் தவிர உறவில்லை. இருமலுக்கு விற்கிற பெலர்கோனியம் மருந்தும் வேறு சிற்றினத்தின் வேரிலிருந்து வருவது, உங்கள் தொட்டியில் வேரைத் தோண்டாதீர்கள்.

அம்மாவின் கால்தான் பாக்கி. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், அப்போது எரிச்சல் வந்தாலும் தெரியாது, சின்ன வெடிப்பு புண்ணாகிவிடும். அதனால் பாதத்தை விட்டுவிட்டு, தோல் முழுசாக இருக்கிற கெண்டைக்காலில், மேலே சொன்ன 1 சதவீதக் கலவையை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். வீக்கம், சூடு, சிவப்பு எது இருந்தாலும் தேய்க்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். பாதத்துக்கு வாசனை இல்லாத சாதாரண கிரீம், விரலிடுக்கில் அதுவும் வேண்டாம், தேய்க்கும்போது அடிப்பாதத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். பாட்டிலை இன்னும் வாங்கவில்லை என்றால் அந்த 120 வெள்ளியில் அம்மாவுக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம், மிச்சத்துக்கு ஒரு பை கருக்கிய உமி.